வருஷத்திற்கொரு தடையும் வாய்ப் புற்றும்

நேயர்கள் இவ்வரியை வாசித்ததும் பத்திரிகையை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு, வாயை இயன்ற மட்டும் திறந்து, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிடித்துச் செங்குத்தாகத் திருப்பி, மேல்வரிசைப் பல்லுக்கும் கீழ்வரிசைப் பல்லுக்கும் இடையே நுழைத்துப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறோம். மூன்றும் தாராளமாக நுழையுமாயின் நல்லது. இரண்டுதான் நுழைகின்றன என்றால், அதுவும் பாக்கோ புகையிலையோ மெல்லும் வழக்கமுடையவர் என்றால், மேற்கொண்டு இக்கட்டுரையை வாசிப்பதற்கு முன் அவர் பல் வைத்தியரிடம் போய் வருவதே உசிதம்.

எமது அச்சுக்கூடத்தில் காகித உருளைகளை இயந்திரத்தில் ஏற்றும் வேலை பார்த்து வரும் வாலிபன் ஒருவனுக்கு ஒன்றரை விரல்தான் நுழைகிறது. அவனுக்கு வயது இருபத்தாறு. இராக்காலத்தில் கண்விழித்துச் செய்யும் வேலையாதலால், தூக்கம் வராதிருக்கப் பொட்டலப் பாக்குத் தூளைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது வழக்கமென்றும், முதலில் இரண்டு பொட்டலமாயிருந்தது பிறகு பத்தாயிற்றென்றும் சொல்லுகிறான். ஆறு வருஷ காலமாக அவன் வாயசைவதை நாம் கண்டுதானிருக்கிறோம். சுவரில் துப்புவதற்காக இரண்டொரு தடவை கடிந்துகொண்டதும் உண்டு. சுவரைப் பற்றிக் கவலைப்பட்ட நாம் அவன் வாயைப் பற்றிக் கவலைப்படவில்லை. சென்ற தை மாதம் எமது காரியாலயத்தைச் சேர்ந்த ஒருவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில், எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன், பருப்புஞ் சோற்றைச் சிறு சிறு விள்ளலாக விரல் நுனியிலெடுத்துப் பல்லிடுக்கின் வழியே உள்ளே தள்ளிக்கொண்டிருந்ததையும், ரசத்தை வாயில் வைத்ததும் கண்ணில் நீர் ததும்பக் குவளைத் தண்ணீரை எடுத்ததையும் பார்த்தபோதுதான் விஷயம் எமக்கு விளங்கிற்று.

வைத்தியர்கள் இந்நோயை வாயின் உட்சவ்வு நாராக இறுகும் நோய் என்று வர்ணிக்கிறார்கள். 1952ஆம் வருஷத்தில் ஆப்பிரிக்காவின் கெனியா தேசத்தில் குடியேறியிருந்த இந்திய ஸ்திரீகளிடத்தில் ஷ்வார்ட்ஸ் என்ற வைத்தியர் இதைக் கண்டு எழுதினார். அடுத்த வருஷமே நமது தேசத்தில் ஜோஷி என்பவர் இதை விவரித்தார். அக்காலத்தில் இதன் காரணம் தெளிவாயிருக்கவில்லை. இன்று ஐயத்திற்கு இடமில்லை. பாக்கிலுள்ள காரச் சத்தும் தாமிரமும் சேர்ந்து, கன்னத்தின் உட்புறத்துச் சதையில் நார்ப்பொருளை அளவுக்கு மிஞ்சி உண்டாக்குகின்றன. உண்டான நார் கரைவதும் தடைப்படுகிறது. மிருதுவாயிருக்க வேண்டிய சவ்வு வெளுத்து, தடித்து, நாளடைவில் பழைய தோல் வார்போல் விறைத்துவிடுகிறது. முதல் அடையாளம் காரம் பொறுக்காமை. அடுத்தது வாய் திறவாமை. நாக்கை வெளியே நீட்ட முடியாமை அதற்கும் பிந்தியது. பழக்கத்தை நிறுத்தினால் நோய் மேலும் முற்றாமலிருக்கக் கூடுமேயன்றி, இறுகினது முழுவதும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஊசி மருந்துகளும், வாயைத் திறக்கும் அப்பியாசங்களும், கடைசியாக ரண சிகிச்சையும் உண்டு. எதுவும் பூர்வ ஸ்திதியைத் தருவதாக எந்த வைத்தியரும் வாக்களிப்பதில்லை.

வாய் திறவாதது மாத்திரமே கஷ்டமென்றால் அதனோடு காலந் தள்ளிவிடலாம். எர்ணாகுளம் ஜில்லாவில் இந்நோய் கண்ட 66 பேரைப் பதினேழு வருஷ காலம் தொடர்ந்து கவனித்து வந்த ஆராய்ச்சியாளர்கள், அவர்களில் ஐவருக்கு வாயில் புற்று ஏற்பட்டதாக 1985இல் தெரிவித்தார்கள். அறுபத்தாறு பேர் என்பது சிறிய தொகைதான். ஆயினும், ஒரு கிராமத்தில் பதின்மூவருக்கு ஒருவர் வீதம் இப்படி ஆகுமென்றால் அக்கிராமத்தார் அதைச் சிறிய விஷயமென்று எண்ண மாட்டார்கள்.

பாக்கோடு புகையிலை சேரும்போது அபாயம் பன்மடங்காகிறது. புகையிலையைப் பதப்படுத்திப் புளிக்க வைக்கும்போதே புற்றை விளைவிக்கும் நைட்ரஸமின் என்னும் பொருள்கள் அதில் உண்டாகிவிடுகின்றன. சுண்ணாம்பு சேர்வதால் நிக்கோட்டின் சவ்வின் வழியே ரத்தத்தில் விரைந்து ஏறுகிறது. பழக்கம் விரைவில் வேரூன்றுவதற்கு அதுவே காரணம். புகையிலையை அடக்கும் இடத்தில் ஈறு பின்வாங்கிப் பல்லின் வேர் வெளிப்படுகிறது, வெண்படலம் தோன்றுகிறது, அப்படலத்தின் மேல் ஒரு நாள் ஆறாத புண் காண்கிறது. நமது தேசத்து வாய்ப் புற்றுக்கு ஒரு தனி லட்சணம் உண்டு: கன்னத்திற்கும் கீழ் ஈற்றுக்கும் நடுவேயுள்ள பள்ளத்தில், அதாவது எங்கே உருண்டையை அடக்குகிறோமோ அதே இடத்தில், அது பெரும்பாலும் தோன்றுகிறது. இதைவிடத் தெளிவான சாட்சியத்தை எந்தக் கோர்ட்டிலும் எந்த வக்கீலும் ஆஜர் செய்ததாக எமக்கு நினைவில்லை. சுருட்டும் பீடியும் பிடிப்பவர்கள் தங்களுக்கு இதில் சம்பந்தமில்லையென்று எண்ண வேண்டாம். புகை ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அவர்களுடைய ஈற்றிலிருந்து ரத்தம் கசிவது குறைகிறது. ஆகவே ஈற்றின் நோய் உள்ளே முற்றிக்கொண்டிருக்கையில் வெளிக்கு எல்லாம் சரியாயிருப்பதாகத் தோன்றும். பல் ஆடத் தொடங்கிய பிறகே உண்மை தெரியும்.

2020ஆம் வருஷத்தில் உலகெங்கும் உதட்டிலும் வாயிலும் புதிதாகப் புற்றுக் கண்டவர்கள் சுமார் 3,77,000 பேரென்றும், அவர்களில் 1,35,000 பேருக்கு மேல் இந்தியர் என்றும் லியோன் நகரத்துச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் மதிப்பிட்டது. உலக ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட நாம், இந்நோயில் மூன்றில் ஒரு பங்கை எமதாக்கிக்கொண்டிருக்கிறோம்.

இது நேற்று வந்த செய்தியுமன்று. அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததும் இன்று நமது கன்னியாகுமரி ஜில்லாவில் உள்ளதுமான நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து பென்டால் என்ற வைத்தியர், அப்பகுதியில் தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908லேயே பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். 1933இல் அதே பிரதேசத்து வாய்ப் புற்றுக்கும் வெற்றிலை பாக்கு புகையிலை மெல்லுவதற்கும் உள்ள சம்பந்தத்தை ஓர் என்ற வைத்தியர் லான்ஸெட் பத்திரிகையில் விளக்கினார். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது முதல், டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 2021இல் காலஞ்சென்ற டாக்டர் சாந்தாவும் தங்கள் ஆயுளையே அங்கே செலவிட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வைத்தியர்கள் சொல்லிவருவதைச் சட்டம் செய்பவர்கள் எப்படிக் காதில் வாங்கினார்கள் என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

இதில் ஒரு காலத்தில் சர்க்கார் செம்மையாக நடந்துகொண்டதும் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். புகையிலை கலந்த பற்பொடியையும் பற்பசையையும் ஆயுர்வேத மருந்தென்ற பெயரில் விற்று வந்ததை 1992இல் மத்திய சர்க்கார் அடியோடு தடுத்தார்கள். வியாபாரிகள் வழக்காடினார்கள். 1997இல் சுப்ரீம் கோர்ட்டு தடையை உறுதிப்படுத்தியது. வாய்தா இல்லை, வருஷக் கணக்கு இல்லை. விற்கக் கூடாது என்றால் விற்கக் கூடாது. ஆனால் 2003இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பார்த்தால், எச்சரிக்கை அச்சிட்டு விற்க வேண்டிய பொருள்களின் வரிசையில் கடைசியாகப் பத்தாவது இலக்கத்தில் புகையிலை கலந்த பற்பொடி மறுபடியும் காட்சியளிக்கிறது! ஒரு கை தடுத்ததை மற்றொரு கை எண்ணி வரிசைப்படுத்தியிருக்கிறது. அதே அட்டவணையில் எட்டாவது புகையிலை கலந்த பான் மசாலா, ஒன்பதாவது குட்கா.

இந்த அட்டவணையே பின்னால் வந்த எல்லா வியாஜ்யத்திற்கும் வித்தாயிற்று. நமது ராஜ்ய சர்க்கார் 2001இலேயே, உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் குட்காவையும் அதன் இனத்தைச் சேர்ந்தவற்றையும் தடை செய்தார்கள். மகாராஷ்டிரம் முதலிய ராஜ்யங்களும் அவ்வாறே செய்தன. 2004 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அத்தகைய தடைகளைச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. ஒரு பொருளைத் தேசத்தில் நிரந்தரமாக ஒழிப்பது கொள்கையைச் சேர்ந்த விஷயம். அதை ராஜ்யத்தின் உணவு அதிகாரி ஒரு விளம்பரத்தால் செய்துவிட இயலாது. அந்த அதிகாரம் மத்தியில் இருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பைச் சட்ட ரீதியாகக் குறைகூற எமக்கு விருப்பமில்லை. மத்தியில் அதிகாரம் இருக்கிறதென்று சொல்லப்பட்ட பிறகு மத்திய சர்க்கார் அதை எப்படி உபயோகித்தார்கள் என்று கேட்பதற்கு மட்டும் எமக்கு உரிமை உண்டு.

அவர்கள் நேர்வழியில் உபயோகிக்கவில்லை. பின்கட்டு வழியாக வந்தார்கள். 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2011இல் ஏற்பட்ட விதியொன்று, எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிக்கோட்டினோ சேரலாகாது என்கிறது. குட்கா உணவென்றால், இவ்விதியால் அது விலக்கப்பட்டதாகும். ஆனால் உணவுதானா? வாயிலிட்டு மெல்லுகிறோம், ஆகவே உணவென்பது சர்க்கார் கட்சி. விழுங்குவதில்லை, துப்புகிறோம், தவிர, அதற்கென்று தனிச் சட்டம் 2003இலேயே இருக்கிறது, ஆகவே உணவன்று என்பது வியாபாரிகள் கட்சி. மென்று துப்பும் சூயிங் கம் என்ற பிசினை உணவென்று சட்டமே சொல்வதைச் சர்க்கார் வக்கீல்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். எதிர்க்கட்சியாரும் சளைத்தவரல்லர்: பாக்குத் தூளை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை மற்றொரு பொட்டலத்திலுமாகப் பிரித்து, ஒரே கடையில் ஒரே கயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். தனித்தனியே இரண்டும் குட்காவன்று. வாங்குகிறவன் உள்ளங்கையில் கலந்த பிறகுதான் அது குட்கா. இந்தத் தந்திரத்தையும் சேர்த்துத் தடுக்கும்படி 2016 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ராஜ்யங்களுக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. வக்கீல் தொழிலைக் கற்றவன் என்ற முறையில் இந்த வாதங்களின் நயத்தை எம்மால் ரசிக்காமலிருக்க முடியவில்லை. எமது அச்சுக்கூடத்து வாலிபன் ரசிப்பானோ என்பது வேறு விஷயம்.

நமது ராஜ்யத்தில் 2013 மே மாதம் தடை மறுபடியும் அமுலுக்கு வந்தது. இம்முறை அது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவை ஆதாரமாகக் கொண்டது. அப்பிரிவு உணவுப் பாதுகாப்புக் கமிஷனருக்கு அளிக்கும் அதிகாரம், ஒரு பொருளை அதிகபட்சம் ஒரு வருஷத்திற்குத் தடுத்து வைப்பது. காலரா வந்த ஊரில் வெட்டி வைத்த பழத்தை விற்காதே என்பதுபோன்ற அவசரத்திற்கு ஏற்பட்ட அதிகாரம் அது. அதை வைத்துக்கொண்டு வருஷந்தோறும் மே மாதத்தில், கடை லைசென்ஸைப் புதுப்பிப்பதுபோல், தடையைப் புதுப்பித்து வந்தார்கள். பத்து வருஷம் சென்றது. 2023 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு, தற்காலிகத் தடையை இப்படி நீட்டிக்கொண்டே போய் நிரந்தரத் தடையாக்குவதற்குக் கமிஷனருக்கு அதிகாரமில்லையென்று தடையை ரத்து செய்தது. ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தில்லியிலும் இதே கதை: 2022 செப்டம்பரில் ஒரு நீதிபதி ரத்து செய்ததை, 2023 ஏப்ரலில் இரு நீதிபதிகள் மாற்றினார்கள். உணவென்றும் அல்லவென்றும், செல்லுமென்றும் செல்லாதென்றும் மாறி மாறித் தீர்ப்பாகிக்கொண்டிருக்கும் காலத்தில் பெட்டிக்கடைக்காரன் மாத்திரம் ஒரே நிலையில் இருந்து வந்திருக்கிறான்.

கணக்கைப் பார்ப்போம். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏதாவதொரு விதத்தில் புகையிலையை உபயோகிப்பவர்கள், இந்தியா முழுவதும் 2009-10இல் நூற்றுக்கு 34.6 ஆக இருந்தது 2016-17இல் 28.6 ஆகக் குறைந்தது என்று மத்திய சர்க்காரின் விசாரணை கூறுகிறது. திருப்திகரமான குறைவு. அதே விசாரணையில் தமிழ்நாட்டின் கணக்கு 16.2இலிருந்து 20.0 ஆக ஏறியிருக்கிறது. நமது தடை ஏற்பட்டது இவ்விரு விசாரணைகளுக்கும் இடையில் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். புகைப்பவர்களும் இக்கணக்கில் சேர்ந்தவர்களாதலால், தடையினாலேயே பழக்கம் வளர்ந்ததென்று நாம் வாதிக்கவில்லை. தடை இருந்தும் தேசமெங்கும் குறைந்தது இங்கே குறையவில்லை என்று சொல்வது போதும்.

ஏன் குறையவில்லை? கர்நாடகத்திலிருந்து காய்கறி மூட்டைகளுக்கு அடியிலும் காரின் இருக்கைகளுக்கு அடியிலும் வந்த சரக்கைப் போலீஸார் கைப்பற்றினார்கள் என்ற செய்தியை நாமே எத்தனை தடவை அச்சிட்டிருக்கிறோம் என்பதற்கு அளவில்லை. கைப்பற்றியது இவ்வளவென்றால் கைப்பற்றாதது எவ்வளவு? 2016 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த ஒரு குட்கா உற்பத்தியாளரின் இடங்களில் வருமான வரி அதிகாரிகள் நடத்திய சோதனையில் அகப்பட்ட குறிப்புகள், தடையை அமுல் நடத்த வேண்டியவர்களுக்கே பணம் கொடுக்கப்பட்டதாகக் காட்டின என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2018இல் ஹைக்கோர்ட்டின் உத்தரவுப்படி விசாரணை மத்தியப் புலனாய்வு இலாகாவிடம் சென்றது. குற்றம் ருசுவாகும் வரையில் எவரையும் குற்றவாளியென்று நாம் கூற மாட்டோம். சந்தேகத்திற்கு இடங்கொடுக்கும் விதத்தில் ஒரு தடை அமைந்திருக்கிறதென்பதே எமது குறை. இந்த மே மாதம் குற்றமாயிருப்பது அடுத்த மே மாதம் குற்றமாயிருக்குமோ என்று எந்தச் சிப்பந்திக்கும் நிச்சயமில்லை. அப்படிப்பட்ட சட்டத்தை அவன் எவ்வளவு சிரத்தையோடு நடத்துவான்? பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலை விற்பதையும், பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கெஜ தூரத்திற்குள் விற்பதையும் 2003ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. மீறினால் அபராதம் என்னவென்று நேயர்கள் ஊகித்துப் பார்க்கலாம். இருநூறு ரூபாய் வரையில்! பெட்டிக்கடைக்காரன் அதை அரை நாளில் ஈட்டிவிடுவான். 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் நூற்றுக்கு 8.5 பேர் புகையிலையை உபயோகிப்பதாக 2019ஆம் வருஷத்து அகில இந்திய விசாரணை தெரிவித்ததில் ஆச்சரியமென்ன? கீழுதட்டின் அடியில் அடக்கிக்கொண்டால் உபாத்தியாயருக்குத் தெரியாதபடி சிறு பைகளில் புகையிலை வந்து பள்ளிப் பிள்ளைகளிடம் பரவியிருப்பதைக் குறித்து, 2024இல் மதுரையிலுள்ள ஹைக்கோர்ட்டுக் கிளை, ஜாமீன் மனுக்களை விசாரிக்கும்போது கவலை தெரிவிக்க நேர்ந்தது.

புகையிலையைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு பாக்கைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருப்பது நேர்மையாகாது. இது எமக்கும் சங்கடமான இடந்தான். நிச்சயதார்த்தம் முதல் தாம்பூலமின்றி நமது வீடுகளில் ஒரு காரியமும் நடப்பதில்லை. எமது தகப்பனார் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து காம்பு கிள்ளி நரம்பு உரித்துச் சுண்ணாம்பு தடவும் நேரத்தில்தான் பிள்ளைகள் பிராக்கிரஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கப் போவோம். அப்போதுதான் அவர் கோபிக்க மாட்டார். ஆயினும், வெற்றிலைப் பாக்கைப் புகையிலையோடு மெல்லுவது புற்றை விளைவிக்குமென்று 1985இல் சொன்ன லியோன் ஸ்தாபனம், 2004இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராவிட்டாலும் விளைவிக்குமென்றும், பாக்கே காரணமென்றும் முடிவு கூறிவிட்டது. தகப்பனாரின் செல்லத்தில் இருந்ததும் அதே பாக்குத்தான். ஆனால் பந்தி முடிந்து ஒரு தடவை, பெரியவர்கள் முன்னிலையில் போட்டுக்கொள்வதற்கென்று இருந்த வஸ்துவை வற்ற உலர்த்தித் தூளாக்கி, வாசனை தடவி, சில்லறைக் காசுக்குப் பொட்டலமாக்கி, நாளைக்குப் பத்துத் தடவை தனியே நின்று வாயில் கொட்டிக்கொள்ளச் செய்தது வியாபாரம். புகையிலை இல்லை என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பொட்டலத்தை வாங்குகிறவன் தான் க்ஷேமமாயிருப்பதாக நம்புகிறான். அவன் வாயும் இறுகத்தான் போகிறது. நமது தடையோ புகையிலையையும் நிக்கோட்டினையும் மாத்திரம் தேடுகிறது. புகையிலை விளம்பரம் செய்யக் கூடாதென்ற சட்டத்திற்குத் தப்பி, அதே பெயரில் பாக்குத் தூளையும் ஏலக்காயையும் சினிமா நட்சத்திரங்கள் கையிலேந்தி நிற்கும் விளம்பரங்கள் எல்லார் கண்ணிலும் படுகின்றன. அவ்விளம்பரங்களால் பிழைக்கும் பத்திரிகைகளும் உண்டென்று சக தொழிலாளன் என்ற முறையில் வெட்கத்துடன் கூறிக்கொள்கிறோம்.

வேடசந்தூர்ச் சீமையிலும் வேதாரணியத்திலும் புகையிலை பயிரிடும் குடியானவனுக்கும், திருநெல்வேலி, தென்காசி, வேலூர் ஜில்லாக்களில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான ஸ்திரீகளுக்கும் என்ன வழி என்ற கேள்வி எழுகிறது. வியாபாரிகள் அதை எழுப்பும் நோக்கம் எதுவாயினும் கேள்வி நியாயமானது. 2004இல் இந்தியா ஏற்றுக்கொண்ட சர்வதேசப் புகையிலை ஒப்பந்தமே, அவர்களுக்கு மாற்றுப் பிழைப்புக் காட்ட வேண்டுமென்று ஒரு ஷரத்தில் சொல்லுகிறது. புகையிலைச் சாகுபடியை அபிவிருத்தி செய்ய ராஜமுந்திரியில் 1947 முதல் ஆராய்ச்சி நிலையம் வைத்து, மெல்லும் புகையிலைக்கென்று வேடசந்தூரில் அதற்கொரு கிளையும் நடத்தத் தெரிந்த சர்க்காருக்கு, அதே மண்ணில் வேறென்ன விளையுமென்று குடியானவனுக்குக் கையைப் பிடித்துக் காட்டுவது பெரிய காரியமன்று.

இனிச் செய்ய வேண்டியது என்ன? சட்டத்தைப் பொறுத்தவரையில் எமது அபிப்பிராயம் சுருக்கமானது. மெல்லும் புகையிலை உணவா என்ற விசாரத்தை விட்டுவிட வேண்டும். உணவாயினும் அல்லாவிடினும் அது விலக்கப்பட்டதென்று பார்லிமெண்டு 2003ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே ஒரு திருத்தத்தால் சொல்லலாம். உடல் நலத்திற்குத் தீங்கான லாகிரி வஸ்துக்களை விலக்க முயல வேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 47ஆவது ஷரத்து சர்க்காருக்குக் கட்டளையிட்டிருக்கிறது. 1992இல் பற்பொடிக்குச் செய்து காட்டிய முன்மாதிரியும் இருக்கிறது. நமது சட்டசபை இதைக் கோரி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றித் தில்லிக்கு அனுப்புவதற்கு எந்தக் கோர்ட்டும் தடை விதிக்கவில்லை. நமது ராஜ்யத்திலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றிருக்கும் 39 லோகசபை அங்கத்தினர்கள், கட்சி பேதமின்றி ஒரே குரலில் பேசக்கூடிய விஷயங்கள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்றாயிருக்கலாம்.

சட்டம் வரும் வரையில், வந்த பிறகும்கூட, வாயைப் பார்க்கும் வேலை இருக்கிறது. உடம்பின் உள்ளே ஒளிந்து வளரும் மற்றப் புற்றுகளைப்போல் இது அன்று. சூரிய வெளிச்சத்தில், ஒரு டார்ச்சு விளக்கும் கன்னத்தை விலக்க ஒரு விரலும் இருந்தால், வெண்படலத்தையும் சிவந்த திட்டையும் ஆறாத புண்ணையும் பயிற்சி பெற்ற எவரும் காணலாம். இது வெறும் நம்பிக்கையுமன்று. திருவனந்தபுரம் ஜில்லாவில் பதின்மூன்று பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதியில், வைத்தியரல்லாத சாதாரணச் சுகாதார ஊழியர்களைக் கொண்டு வீடு வீடாக வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களில், பரிசோதனை நடந்த இடங்களில் வாய்ப் புற்றால் இறந்தவர்கள், நடவாத இடங்களைக் காட்டிலும் நூற்றுக்கு 34 வீதம் குறைவென்று 2005இல் தெரிந்தது. உலகத்திற்கே இவ்விஷயத்தில் வழிகாட்டிய பரிசோதனை நமக்குப் பக்கத்து வீட்டில் நடந்திருக்கிறது. நாம் என்ன செய்தோம்? முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாருடைய வாயையும் பரிசோதிக்க வேண்டுமென்று 2016இல் மத்திய சர்க்கார் திட்டம் வகுத்தார்கள். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல விசாரணையில், 30 முதல் 49 வயதுள்ளவர்களில் ஒரு தடவையாவது வாயைப் பரிசோதித்துக்கொண்டவர்கள் பெண்களில் நூற்றுக்கு 0.9, ஆண்களில் 1.2. வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ஏற்பாட்டை நமது ராஜ்யம் 2021இல் தொடங்கி நடத்திக் காட்டியிருக்கிறது. அந்த வாசற்படியிலேயே, அதே ஊழியர், வாயைத் திறவுங்கள் அம்மா, என்று சொல்ல இன்னும் இரண்டு நிமிஷம் போதும். எமது வாலிபனைப்போல் இருபத்தாறு வயதிலேயே வாய் இறுகியவர்களுக்கு முப்பது வயது வரையில் காத்திரு என்று சொல்லும் வரம்பையும் மாற்ற வேண்டும். தொழிற்சாலைகளிலும் லாரி நிலையங்களிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் வயது கேளாமல் பார்க்க வேண்டும். தொழிலாளரை வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் சர்க்காருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சென்ற மாதம் எமது காரியாலயத்தில் பல் வைத்தியர் ஒருவரை வரவழைத்து இரண்டு ஷிப்டுச் சிப்பந்திகளையும் பரிசோதிக்கச் செய்தோம். நாற்பத்தொரு பேரில் மூவரை மேல் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். அவர்களில் ஒருவர் கணக்குப் பிரிவில் இருபது வருஷமாக எமது எதிரிலேயே உட்கார்ந்திருப்பவர்.

வாலிபனின் கன்னத்திலிருந்து எடுத்த சதைத் துணுக்கில் புற்று இல்லையென்று அறிக்கை வந்திருக்கிறது. ஆறு மாதத்திற்கொரு தடவை காட்ட வேண்டுமென்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிப் பல்லிடையே வைத்துத் தினந்தோறும் வாயைத் திறக்கப் பழகுகிறான். சென்ற வாரம் ஒரு குச்சி அதிகமாக நுழைந்ததாம். பொட்டலத்தை விட்டுவிட்டதாகச் சொல்லுகிறான். இரண்டு மாதம் ஆயிற்று. எங்கே வாங்கிக்கொண்டிருந்தாய் என்று கேட்டோம். நமது காரியாலயத்து வாசலுக்கு எதிர்வரிசையில், பஸ் நிற்கும் இடத்தை ஒட்டிய கடையைக் காட்டினான். தடை வந்த பிறகு கிடைப்பது கஷ்டமாயிருந்ததோ என்றதற்கு, "இல்லைங்க ஐயா, விலைதான் மூணு மடங்கு ஆச்சு" என்றான்.